கற்பனை உலகத்தில் மலையை எங்கே வைப்பது?

ஒருவர் மட்டும் உட்கார்ந்து வரையும் கற்பனை உலகத்தில் மலை எங்கே இருந்தாலும் கேட்பாரில்லை. ஐந்தாறு பேர் கூடி ஒரே உலகத்தை வரையத் தொடங்கினால் அதே மலை வழக்காகிவிடும். உங்கள் நாட்டு மலைதான் என் நாட்டு மழையைத் தீர்மானிக்கிறது. உங்கள் ஏரி வழிந்தால் என் தலைநகரம் மூழ்கும். அதனால் கூட்டாக வரைகிறவர்கள் கரையோரக் கோட்டில் கை வைப்பதற்கு முன், இந்த நிலம் எப்படி உண்டானது என்ற கதையைப் பேசி முடித்துவிட வேண்டும். பிற்பாடு வரும் தகராறுகளுக்கெல்லாம் அதுதான் பத்திரம்.

நான் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழன். வாய்க்கால், மதகு, தடுப்பணை என்று பணிக்காலம் முழுவதும் நீர்ப்பாசன வரைபடம் போட்டவன். கோயம்புத்தூரில் படிக்கும் தங்கை மகளும் அவளுடைய தோழர்களும் சேர்ந்து ஓர் உலகத்தையே வரைகிறார்கள். நாடு, அரசர், மொழி எல்லாம் அவர்கள் பாடு. நிலமும் நீரும் என் தலையில். "கற்பனைதானே மாமா, மலையை எங்கே வைத்தால் என்ன?" என்று கேட்டாள். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

கோளத்தின் அளவைப் பூமியின் அளவாகவே வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு 40,000 கிலோமீட்டர், ஒரு பாகை அட்சத்துக்கு 111 கிலோமீட்டர், மேற்கிலிருந்து கிழக்காகச் சுழற்சி. இதை மாற்றினால் காற்று, வெப்பம், கடல் நீரோட்டம் என்று எல்லாக் கணக்கையும் புதிதாகப் போட வேண்டியிருக்கும். அந்த உழைப்பில் பாதியை ஆறுகளுக்குக் கொடுத்தால் உலகம் நன்றாக அமையும்.

வெள்ளைப் பந்து ஒன்றை வாங்குங்கள். கைக்கு அடங்காத அளவில் இருக்கட்டும். பூமியின் மேலோடு பல துண்டுகளாக மெல்ல நகர்கிறது; அந்தத் துண்டுகளுக்குத்தான் தட்டு என்று பெயர். தட்டுகளை முதலில் அதன்மேல்தான் வரைய வேண்டும். செவ்வகத் தாளில் வரைந்தால் 60 பாகை அட்சத்தில் இருக்கும் நிலம் கிழக்கு மேற்காக இரண்டு மடங்கு அகலமாகத் தெரியும். துருவத்தில் ஒரு புள்ளி தாளின் முழு அகலத்துக்கும் கோடாக நீண்டுவிடும். வடக்கே நாடு கேட்டவருக்குப் பெரிய சாம்ராஜ்யம் கிடைத்ததாகத் தோன்றும். பந்தில் அளந்தால் அது ஒரு தாலுகா அளவுக்குச் சுருங்கியிருக்கும். கைபேசியில் நாம் தினமும் பார்க்கும் வரைபடத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத் தெரிகிறதே, அந்த வித்தைதான். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் ஏறத்தாழ 14 மடங்கு.

பந்தின் மேல் பத்துப் பன்னிரண்டு தட்டுகளைப் பிரியுங்கள். எல்லாம் ஒரே அளவில் வேண்டாம். பெரியது சில, இடுக்கில் சிக்கிய சிறியது சில. எல்லாரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: கடற்கரையையே தட்டின் எல்லையாக எண்ணிக்கொள்வது. தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையைப் பாருங்கள். அந்தத் தட்டு கரையில் முடியாமல் அட்லாண்டிக்கின் நடுவரைக்கும் போகிறது. நம் இந்தியத் தட்டும் கன்னியாகுமரியோடு நின்றுவிடுவதில்லை. ஒரு தட்டில் கண்டமும் கடலும் சேர்ந்தே இருக்கலாம். கடல் மட்டுமே உள்ள தட்டும் உண்டு.

ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அம்புக்குறி, ஒரு வேகம். ஆண்டுக்கு 2 முதல் 10 சென்டிமீட்டர் வரை வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் என்றால் பத்து லட்சம் ஆண்டில் 50 கிலோமீட்டர், பத்துக் கோடி ஆண்டில் 5,000 கிலோமீட்டர். இந்த ஒரு பெருக்கல் தெரிந்தால் போதும். இரு கண்டங்கள் 3,000 கிலோமீட்டர் விலகிக் கிடக்கின்றன என்றால், விலகும் வேகத்தால் வகுத்து அவை எப்போது ஒட்டியிருந்தன என்று சொல்லிவிடலாம். சொல்ல முடியவில்லை என்றால் அம்புக்குறியை மாற்றுங்கள்.

இனி, முன்னோக்கி நகர்த்துவதை விடப் பழைய காலத்திலிருந்து தொடங்குவது நல்லது. ஒரே பெருநிலமாக இருந்ததை உடைத்து நகர்த்துங்கள். நான் ட்ரேசிங் தாளில் துண்டுகளை வெட்டிப் பந்தின்மேல் ஒட்டி நகர்த்துகிறேன். கணினி கைவந்தவர்களுக்கு ஜிபிளேட்ஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. புவியியல் ஆய்வாளர்கள் தட்டுகளை நகர்த்திப் பார்க்க உண்டாக்கியது, கற்பனைத் தட்டுக்கும் அது முகம் சுளிப்பதில்லை. எதில் செய்தாலும் உடையும் இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். நிலம் பிளக்கும்போது பெரும்பாலும் மூன்று கிளையாகப் பிளக்கும். இரண்டு கிளைகள் விரிந்து கடலாகும், மூன்றாவது கண்டத்துக்குள்ளேயே தேங்கிவிடும். எத்தியோப்பியப் பக்கத்து அஃபார் பகுதியில் செங்கடல் ஒரு கிளை, ஏடன் வளைகுடா இன்னொன்று, கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கு மூன்றாவது. நின்றுபோன கிளை தாழ்வாகக் கிடப்பதால் பெரிய ஆறுகள் அதைப் பிடித்துக்கொள்ளும். நைஜீரியாவின் பெனுவே ஆறு அப்படிப்பட்ட பள்ளத்தில்தான் ஓடுகிறது. "பெரிய ஆற்றை எங்கே விடுவது?" என்று திகைக்கிறவர்களுக்கு இதுவே விடை.

பிளந்த கரையில் மலை வருமா என்று கேட்பார்கள். எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்து தெரிகிற மலையே சாட்சி. மேற்குத் தொடர்ச்சி மலை இமயமலையைப் போல மோதி எழுந்தது என்று படித்தவர்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கே மோதல் எதுவும் நடக்கவில்லை. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிந்தது. கிழிந்த விளிம்பு உயர்ந்து நின்றது. மழை அதை அரித்து அரித்து உள்நாட்டுப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறது. இந்த வகை மலைக்கு அடையாளங்கள் உண்டு. கரைக்கு இணையாக, கரையை ஒட்டியே ஓடும். கடல் பக்கம் செங்குத்தாக இருக்கும், முதுகுப் பக்கம் பெரும்பாலும் மெல்லச் சரியும். அதனால் ஆறுகள் பக்கத்துக் கடலை விட்டுவிட்டு எதிர்த் திசையில் நெடுந்தூரம் போகும். கோதாவரி அரபிக்கடலிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டரில் பிறந்து, 1,465 கிலோமீட்டர் ஓடி வங்கக்கடலுக்குப் போகிறது. தலைக்காவிரியும் மேற்குக் கரைக்கு அருகில்தான். இன்னொன்று: பிரிந்துபோன எதிர்க்கரையிலும் அப்படி ஒரு செங்குத்து விளிம்பு இருக்க வேண்டும். மடகாஸ்கரின் கிழக்குப் பக்கத்தில் அது இருக்கிறது. எங்கள் உலகத்தில் நெடுங்கரை நாட்டை வரைகிற பையன் இப்படி ஒரு மலையை வைத்ததும், கடலுக்கு அப்பால் தீவை வரைகிற பெண்ணுக்கும் தானாகவே ஒரு மலை வந்து சேர்ந்தது. அவள் சமவெளி கேட்டிருந்தாள். தீவின் மறுபக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

இந்த மலைச்சுவரில் ஒரு வாசல் வேண்டுமென்றால் பாலக்காட்டுக் கணவாயைப் படியுங்கள். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, இரண்டிலும் 2,600 மீட்டரைத் தாண்டும் சிகரங்கள். நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லை. வாளையார் வழியாகப் போகும் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஏற்றம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. இந்த வெட்டை ஓர் ஆறு மட்டும் தனியாக அரித்திருக்க முடியாது. 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, கோண்டுவானா என்ற பெருங்கண்டம் துண்டு துண்டாக வந்து ஒட்டிய காலத்தில், பாறை நசுங்கி இழுபட்ட பட்டை ஒன்று இவ்வழியே காவிரிப் பக்கம் வரை ஓடுகிறது. நொந்த பாறை எளிதில் அரிபடும். ஆகவே கணவாயை அழகுக்காக நடுவில் வைக்காதீர்கள். உங்கள் உலகத்தின் பழைய ஒட்டுக்கோடு இன்றைய மலையை எங்கே குறுக்காக வெட்டுகிறதோ அங்கே வையுங்கள்.

வைத்தபின் அது என்னென்ன செய்யும் என்பதையும் வரைந்தாக வேண்டும். ஆடி மாதம் எங்கள் ஊரில் நின்றால் சட்டை உடம்பில் ஒட்டாது. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து நேராக இந்த இடைவெளி வழியாகப் பாய்ந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் என்று போகிறது. அங்கே காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பதற்குக் காரணம் அதுதான். படையும் இவ்வழியேதான் வந்தது. ஹைதர் அலி 1766இல் பாலக்காட்டில் கோட்டை கட்டியது சும்மா அல்ல. வணிகம் வந்தது, நெசவு வந்தது, தமிழ் மேற்கேயும் மலையாளம் கிழக்கேயும் நடந்தன. உங்கள் நாடுகளில் இரண்டு மொழி கலந்த மக்களை எங்கே குடியேற்றுவது என்று யோசிக்கிறவர்கள் முதலில் கணவாயைத் தேடட்டும்.

மோதும் எல்லைகளைப் பற்றி எல்லாருக்கும் கொஞ்சம் தெரியும், ஆகவே சுருக்கமாக. கடல்தட்டு கண்டத்தின் அடியில் அமிழ்ந்தால் கரைக்கு வெளியே ஆழமான அகழி, உள்ளே 100 முதல் 300 கிலோமீட்டர் தள்ளி எரிமலை வரிசை. ஆண்டீஸ் மலை இப்படித்தான். அகழியின் விளிம்பிலேயே எரிமலையை ஒட்டி வைக்காதீர்கள். கடல்தட்டு இன்னொரு கடல்தட்டின் அடியில் போனால் வில் போல வளைந்த தீவுக்கூட்டம் கிடைக்கும். கண்டமும் கண்டமும் மோதினால் எரிமலைகள் அநேகமாக அடங்கிவிடும். அகலமான உயர்ந்த மலைத்தொடரும் அதன் பின்னால் திபெத் போன்ற பீடபூமியும் எழும். இந்தியா ஆசியாவில் முட்டத் தொடங்கிச் சுமார் 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன, இன்னும் முட்டிக்கொண்டுதான் இருக்கிறது. எவரெஸ்ட் உச்சியில் கடலடிச் சுண்ணாம்புப் பாறை இருப்பது அதன் ரசீது. தட்டுகள் உரசிக்கொண்டு பக்கவாட்டில் நகரும் எல்லையில் மலையைக் காட்டிலும் நிலநடுக்கம்தான் அதிகம். கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவைக் கடக்கும் ஓடைகள் குறுக்கே அறுந்து ஒரு பக்கமாக விலகிக் கிடக்கின்றன. இந்தச் சின்ன விவரத்தை உங்கள் படத்தில் ஒரே ஓர் ஓடையில் காட்டினால் தெரிந்தவர் கண்ணில் உடனே படும்.

இளைஞர்களுக்கு எரிமலை என்றால் உயிர். ஆளுக்கொன்று கேட்பார்கள், அதுவும் தட்டின் நட்டநடுவில். அதற்கும் வழி இருக்கிறது. ஹவாய் தீவுகள் பசிபிக் தட்டின் நடுவில்தான் இருக்கின்றன. தையல் எந்திரத்தின் ஊசி ஒரே இடத்தில் நிற்கத் துணி நகர்வதுபோல, ஆழத்திலிருந்து வரும் வெப்பம் ஒரே இடத்தில் நிற்கிறது, மேலே தட்டு நகர்கிறது. அதனால் எரிமலை ஒன்றோடு நிற்காது, வரிசையாக இருந்தாக வேண்டும். கடைசித் தீவு மட்டும் நெருப்புக் கக்கும். தட்டின் அம்புக்குறி காட்டும் திசையில் போகப் போகத் தீவுகள் பழையவையாகவும் தேய்ந்தும் முடிவில் கடலுக்குள் அமிழ்ந்தும் இருக்கும். எரிமலை கேட்டவரிடம் இந்த வரிசை முழுவதையும் வரையச் சொல்லுங்கள். பாதிப் பேர் கோரிக்கையை வாபஸ் வாங்கிவிடுவார்கள்.

கண்டத்தின் நடுவே தேய்ந்துபோன பழைய மலைகளையும் மறவாதீர்கள். யூரல் மலை ஒரு காலத்து மோதலின் தழும்பு. அதன் மிக உயர்ந்த சிகரம் 1,900 மீட்டரை எட்டவில்லை. எல்லா மலையும் கூராகப் பனி மூடி நிற்கும் உலகம் நேற்றுச் செய்த உலகம் போலத் தெரியும். பொன்னும் வைரமும் வேண்டுகிறவர்களும் பழைய பாறைப் பக்கமே போக வேண்டும். கோலாரும் கோல்கொண்டாவும் இமயத்தில் இல்லை.

கடலோரத்தைக் கடைசியில் வரைவதால் ஒரு லாபம் உண்டு. பிளந்து அமைதியான கரையில் கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிக் கடலுக்குள் நீளும் ஆழம் குறைந்த நிலம், அகலமாக இருக்கும். அகழி உள்ள கரையில் ஒடுக்கமாக இருக்கும். கடைசிப் பனியூழியின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, கடல்மட்டம் இன்றையதை விட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது இந்தியாவிலிருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். உங்கள் உலகத்திலும் 120 மீட்டர் ஆழக்கோடு ஒன்றை வரைந்துவிடுங்கள். பழைய மக்கள் எந்தத் தீவுக்கு நடந்து போனார்கள், எதற்குப் படகு தேவைப்பட்டது என்பதைக் கதை எழுதுகிறவர்கள் சண்டையில்லாமல் அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். பனியாறு செதுக்கிய நார்வே மாதிரிக் கரையை நிலநடுக்கோட்டுப் பக்கம் வைக்க வேண்டாம். இயற்கை ஏரிகளுக்கும் காரணம் கேளுங்கள்: பனியாறு தோண்டியதா, பிளவில் விழுந்ததா, எரிமலை வாயா? நம்மவர்கள் ஊருக்கு ஊர் ஏரி வைத்துவிடுகிறார்கள், தமிழ்நாட்டு ஏரிகளில் பெரும்பாலானவை கரை கட்டி ஆள் வெட்டியவை என்பதை மறந்து.

காற்றுக்கு ஒரு தனித்தாள் போடுங்கள். நிலநடுக்கோட்டிலிருந்து 30 பாகை வரை வியாபாரக் காற்று கிழக்கிலிருந்து, 30 முதல் 60 வரை மேலைக்காற்று மேற்கிலிருந்து. முன்னதில் கண்டங்களின் கிழக்குக் கரைகள் நனையும், பின்னதில் மேற்குக் கரைகள் நனையும். 20 முதல் 30 பாகை வரை, கண்டத்தின் மேற்குப் பக்கமாகப் பாலைவனம் வையுங்கள். குளிர்ந்த நீரோட்டம் கரையை ஒட்டிப் போனால், அட்டகாமாவைப் போல, நமீபைப் போல, கடலைப் பார்த்துக்கொண்டே வறண்டு கிடக்கும். பெரிய கண்டம் ஒன்று வெப்பக் கடலுக்கு வடக்கே கோடையில் காய்ந்தால் பருவக்காற்று திசை மாறும். நாம் தமிழில் மழையைப் பற்றிப் பாடியதெல்லாம் அந்தத் திருப்பத்தின் தயவு. உயரத்துக்கு ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி வெப்பம் குறையும். மலையின் காற்று மோதும் முகத்தில் மழை, மறுபக்கம் வறட்சி. வால்பாறைக்கு மேலே சின்னக்கல்லாறு தென்னிந்தியாவிலேயே மழை மிகுந்த இடங்களில் ஒன்று. அதே மலைக்கு இந்தப் பக்கம் பனையும் கரிசலுமாக எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் தண்ணீருக்கு வானத்தைப் பார்க்கிறது.

இனி ஆறு. இதில் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை. ஆறுகள் சேரும், டெல்டாவைத் தவிர வேறெங்கும் அநேகமாகப் பிரியாது. ஏரிக்குப் பல வரத்து இருக்கலாம், போக்கு ஒன்றுதான். ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு ஊடுருவிப் போகும் ஆறு கிடையாது, அது நீரிணை. மலையை ஆறு குறுக்கே அறுத்துக்கொண்டு வரலாம், ஆனால் அந்த ஆறு மலையை விடப் பழையதாக இருக்க வேண்டும்; சிந்துவும் சட்லெஜும் இமயமலை எழ எழ அறுத்துக்கொண்டே வந்தவை. பதிவேட்டில் அந்த ஆற்றின் வயதையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

இதைவிட முக்கியம் வேலையைப் பங்கு போடும் முறை. நாடு வாரியாகப் பிரித்துக் கொடுத்தால் ஆறு எல்லையில் வந்து முட்டி நிற்கும்; மேலே வரைந்தவர் விட்ட ஆற்றுக்குக் கீழே வரைந்தவரிடம் பள்ளத்தாக்கு இருக்காது. வடிநிலம் வாரியாகக் கொடுங்கள். நீர் பிரியும் முகடுகளை முதலில் கோடிட்டு, ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே விழும் மழையெல்லாம் ஒருவர் பொறுப்பு என்று ஆக்கிவிடுங்கள். அரசர்கள் பிற்பாடு வந்து அதன்மேல் எப்படி வேண்டுமானாலும் எல்லை போடட்டும். அப்படி ஓர் எல்லை ஆற்றை வெட்டினால் அங்கே ஓர் ஒப்பந்தமும் எழுத வேண்டும். எங்கள் சித்தூர்ப் புழைக்கு ஆழியாற்றுத் தண்ணீர் வருவது தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தால். 1970இல் கையெழுத்தாகி, 1958 முதலே செல்லும் என்று எழுதப்பட்டது. எல்லையோரத்து மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. அளந்து விட வேண்டும் என்பது கணக்கு. கற்பனை நாட்டுக்கும் இப்படி ஓர் எண் இருந்தால் அதன் இரு கரையிலும் கதை முளைத்துவிடும்.

ஆறு முகட்டைத் தாண்டியே தீர வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால், சரி என்று சொல்லி ஒரு நிபந்தனை போடுங்கள்: கட்டியவர் யார், எந்த ஆண்டு, எந்தச் சுரங்கம்? மேற்கே போன பெரியாற்றை 1895இல் அணை கட்டிச் சுரங்கம் வழியாக வைகைப் பக்கம் திருப்பினார் பென்னிகுவிக். அதைப் போல ஒரு பொறியாளரையும் வரவு செலவையும் காட்டட்டும்.

கோப்பு பராமரிப்பு பற்றிக் கொஞ்சம். கியூஜிஐஎஸ் போன்ற வரைபட மென்பொருளில் தட்டு, உயரம், காற்று மழை, ஆறு, நாடு என்று அடியிலிருந்து மேலாகத் தனித்தனி அடுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேலடுக்கு தவறானால் கீழடுக்கைத் திருத்தக் கூடாது. தட்டு அடுக்கைப் பூட்டி வைத்து, அதில் கை வைக்க வேண்டுமானால் அந்தத் தட்டில் நிலம் வைத்திருக்கும் எல்லாரும் ஒப்ப வேண்டும் என்று விதி செய்யுங்கள். இருவர் நிலம் சந்திக்கும் இடத்தில் சம உயரக் கோடுகள் மேட்டிலும் பள்ளத்திலும் நேருக்கு நேர் இணைய வேண்டும். இதைச் சரிபார்க்க இருவருக்கும் சம்பந்தமில்லாத மூன்றாமவரை வையுங்கள். ஒவ்வொரு மலைக்கும் ஆற்றுக்கும் பக்கத்தில் ஒரு வரிக் காரணம்: "கிழக்குத் தட்டு அமிழ்வதால்", "நின்றுபோன பிளவுக் கிளை". காரணம் எழுத முடியாத மலையை அந்த மாதக் கடைசிக்குள் அழித்துவிடுவது எங்கள் வழக்கம்.

இப்போதைக்கு எங்கள் உலகத்தில் தட்டு, உயரம், ஆறு மூன்றும் பூட்டியாகிவிட்டது. கணவாயில் சுங்கம் யார் வசூலிப்பது என்று இரண்டு அரசர்களுக்குள் தகராறு ஓடுகிறது. அது நாடு அடுக்கு. அதில் எனக்கு வேலை இல்லை.